பப்பாளியைக் காக்கும் சிறு குளவி

திருமுடிவாக்கம் போன்ற ஊர்களில் வயல் இல்லாதவர் கொல்லையிலும் ஒரு பப்பாளி மரம் நிற்பதுண்டு. அதன் இலையிலும் காயிலும் வெள்ளை மாவு அப்பியதுபோல் காணப்படின், அது மாவுப்பூச்சியாக இருக்கக்கூடும்.

மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி, 2008-ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் காணப்பட்டது. விரைவில் மரவள்ளி, மல்பெரி, பருத்திப் பயிர்களையும் பற்றிக்கொண்டது. பூச்சியின் உடலை மெழுகுப்பொடி மூடியிருப்பதால் மருந்து எளிதில் ஒட்டாது. பன்முறை தெளித்தும் பலர் பயன் காணவில்லை.

ஆகவே, அதன் இயற்கைப் பகையான 'அசிரோபேகஸ் பப்பாயே' என்னும் குளவி, 2010-ஆம் ஆண்டில் போர்ட்டோரிக்கோவிலிருந்து வருவிக்கப்பட்டது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதனைப் பெருக்கி விவசாயிகளுக்கு வழங்கியது. சில மாதங்களில் பூச்சியின் கொடுமை பெரிதும் தணிந்தது.

இக்குளவி ஒரு மில்லிமீட்டரினும் சிறியது, மனிதரைக் கொட்டாது, பயிரைத் தின்னாது. பெண்குளவி இளம் மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். வெளிவரும் புழு பூச்சியை உள்ளிருந்தே தின்று வளரும். பூச்சியின் உடல் உப்பிப் பழுப்பு நிறமாகும். முடிவில் வட்டத் துளையிட்டுப் புதிய குளவி வெளியேறும்.

இத்தகைய துளையுள்ள கூடுகளைக் கண்டால், குளவி வேலை செய்கின்றது என அறிதல் வேண்டும். அப்போது மருந்து தெளித்தால் பகைவனை விட்டு நண்பனைக் கொன்றவராவோம். ஐயம் எழுந்தால் இலையை வேளாண்மை அலுவலரிடம் காட்டிக் கேட்பதே நன்று.

பார்த்தீனியச் செடியும் இப்பூச்சிக்குப் புகலிடம். பொது இடங்களில் அதனை அகற்றும் பொறுப்பைப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் மேற்கொள்வார்களாக!