குறைப்பு வேறு, பிடித்தம் வேறு

அப்பா தபால்காரராக இருந்து 60 வயதில் ஓய்வுபெற்று, 63 வயதில் இறந்துபோனார். மத்திய அரசு விதிப்படி அம்மாவுக்கு முதலில் உயர்த்தப்பட்ட விகிதத்தில் குடும்ப ஓய்வூதியம் வந்தது. ஓய்வுக்குப் பின் இறந்தவரின் குடும்பத்துக்கு இந்த விகிதம் ஏழு ஆண்டுகள்வரை கிடைக்கும். இறந்தவர் உயிரோடிருந்தால் 67 வயதை எட்டியிருக்கும் நாள் அதற்கு முன்பே வந்தால், அந்த நாளோடு நின்றுவிடும். பிறகு கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம்தான். அம்மா விஷயத்தில் அந்த நாள் வந்தும் வங்கி தொகையைக் குறைக்கவில்லை. எட்டு வருஷம் கழித்துக் கண்டுபிடித்து, ஒரே மாதத்தில் விகிதத்தையும் குறைத்து, பழைய பாக்கிக்கென்று பிடித்தத்தையும் தொடங்கிவிட்டார்கள். நான்கு லட்சத்துக்கு மேல் கணக்குக் காட்டினார்கள். "நான் கடன்காரியா ஆயிட்டேனாப்பா?" என்று அம்மா கேட்டாள்.

இதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: குறைப்பையும் பிடித்தத்தையும் ஒன்றாகப் போட்டுச் சண்டை பிடிக்காதீர்கள். இனிமேல் சரியான விகிதத்தில் தருகிறோம் என்பது விதிப்படி சரி. அதை எதிர்த்தால் நம் மனுவே பலவீனப்படும். ஏற்கெனவே கொடுத்து, மருந்துக்கும் அரிசிக்கும் செலவாகிப்போன பணத்தைத் திரும்பக் கேட்பது வேறு விஷயம். எங்கள் மனுவின் முதல் பத்தியிலேயே, திருத்திய விகிதத்தை ஏற்கிறோம், பழைய தொகையைப் பிடிப்பதை ஆட்சேபிக்கிறோம் என்று எழுதினோம்.

அந்த ஆட்சேபணைக்கு அடித்தளம், பஞ்சாப் அரசுக்கும் ரஃபீக் மஸீஹுக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014 டிசம்பர் 18 அன்று தந்த தீர்ப்பு. பணம் பெற்றவர் ஏமாற்றியோ தகவலை மறைத்தோ வாங்காதபோது, எந்தெந்தச் சூழலில் பிடிக்கக் கூடாது என்று அது வகைப்படுத்தியது. மூன்றாம், நான்காம் நிலை ஊழியர்கள், ஓய்வுபெற்றவர்கள், ஓராண்டுக்குள் ஓய்வுபெற இருப்பவர்கள், ஐந்தாண்டுக்கு மேல் தொடர்ந்து மிகையாகக் கொடுக்கப்பட்டவர்கள் எல்லாம் அதில் வருகிறார்கள். பிடித்தம் கொடுமையாகிவிடும் என்று நீதிமன்றம் கருதும் பிற நேர்வுகளுக்கும் அதில் இடம் இருக்கிறது. இதை எல்லாத் துறைகளும் பின்பற்றச் சொல்லி மத்திய பணியாளர் துறை 2016 மார்ச் 2 அன்று அலுவலகக் குறிப்பாணை வெளியிட்டது. ஆனால் தள்ளுபடி செய்யச் செலவினத் துறையின் ஒப்புதல் வேண்டும் என்றும் அதே குறிப்பாணை சொல்கிறது. "எங்களுக்கு அதிகாரம் இல்லை" என்ற பதில் கவுன்டரில் வருவது அதனால்தான். அப்போது, அதிகாரம் உள்ளவருக்கு மனுவை அனுப்பிவையுங்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

இந்தத் தீர்ப்பை மந்திரம்போல நினைத்துவிடவும் கூடாது. தாமஸ் டேனியல் என்ற கேரள ஆசிரியரின் வழக்கில் 2022இல் உச்ச நீதிமன்றம், இந்தச் சலுகை ஊழியரின் உரிமை என்பதால் தரப்படுவதல்ல, அவருக்கு நேரும் இன்னலைத் தவிர்க்கவே தரப்படுகிறது என்று விளக்கியது. எனவே இன்னலை ஆவணமாகக் காட்டவேண்டும். அம்மாவின் மருந்துச் சீட்டுகள், வேறு வருமானம் இல்லை என்பது, பிடித்தம் போக மாதம் மிஞ்சுவது என்ன என்பது எல்லாவற்றையும் இணைத்தோம். அவற்றையெல்லாம்விடக் கனமான ஆவணம் பிபிஓ, அதாவது ஓய்வூதியக் கொடுப்பாணை. உயர்த்தப்பட்ட விகிதம் எந்தத் தேதிவரை என்று அதிலேயே இருந்தது. வங்கியிடமும் அதன் பிரதி உண்டு. தவறு யார் பக்கம் என்பதைக் காட்ட அந்த ஒரு வரி போதும்.

அவர்கள் எடுத்துக் காட்டுவது வேறொரு தாள்: ஓய்வூதியம் தொடங்கும்போது வாங்கிய உறுதிமொழிக் கடிதம். மிகையாக வந்தால் திருப்பித் தருகிறேன் என்று அதில் கையெழுத்து இருக்கும். ஜக்தேவ் சிங் வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம் இப்படியொரு உறுதிமொழியை ஏற்றுப் பிடித்தத்தை அனுமதித்தது உண்மைதான். ஆனால் அவர் ஒரு நீதித்துறை அதிகாரி. சம்பளம் திருத்தப்பட்டபோது உறுதிமொழி தந்தவர். கணவனை இழந்த நேரத்தில், நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்ட ஒரு பெண்ணை அவரோடு ஒப்பிடுவது நியாயமில்லை என்று வாதிட்டோம். இன்றும் அதை முழு மனதோடு நம்புகிறேன். "தவணையில் கட்டுகிறேன்னு ஒரு லெட்டர் குடுத்துடுங்கம்மா, சுலபமா முடிஞ்சிடும்" என்பார்கள். கொடுக்காதீர்கள். அந்தக் கடிதம் கடனை ஒப்புக்கொண்டதாகவே பிறகு படிக்கப்படும்.

மிகைத்தொகைக் கணக்கை மாதவாரியாக எழுத்தில் கேளுங்கள். துறை தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். 30 நாளில் பதில் தரவேண்டும். அகவிலைப்படியும் 2016இன் ஊதியக் குழுத் திருத்தமும் சேரும் இடங்களில் கணக்குப் பிசகுவதுண்டு. முன்னறிவிப்பே இல்லாமல் பிடித்திருந்தால் அதையும் தனிக் காரணமாக எழுதுங்கள். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால், அல்லது பதில் சரியில்லாவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். நாங்கள் சென்னையிலுள்ள மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போனோம். இறுதி ஆணை வந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போகவேண்டும். மனுவுக்குப் பதிலே வராவிட்டால் ஆறு மாதம் பொறுத்து, அதற்குப் பிறகு ஓராண்டு. மாநில அரசு ஓய்வூதியர் என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. வக்கீல் செலவுக்குப் பயந்து நிற்கவேண்டாம். 1987இன் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு என்றாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு.

தீர்ப்பாயம் முதலில் பிடித்தத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. பிறகு, பிடித்ததைத் திருப்பித் தரச் சொன்னது. அம்மாவுக்கு இப்போது 30 சதவீத விகிதம்தான் வருகிறது. அதில் எங்களுக்கு வருத்தமில்லை.

உங்கள் வீட்டில் குடும்ப ஓய்வூதியம் வாங்குபவர் இருந்தால் பிபிஓவை எடுத்து அந்தத் தேதியைப் பாருங்கள். தேதி தாண்டியும் தொகை குறையவில்லையென்றால் வங்கிக்கு உடனே எழுத்தில் தெரிவித்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.