மீன்தொட்டிக்கு ஒரு புறஊதா விளக்கு

வண்ணமீன் கடைகளில் கறுப்புக் குழாய் போன்ற ஒரு கருவியைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே ஒரு சிறு விளக்கு. தொட்டி நீர் ஒரு முனையில் நுழைந்து, விளக்கை ஒட்டி ஓடி, மறுமுனையில் வெளியேறித் தொட்டிக்கே திரும்பும். இதுதான் புறஊதாக் கிருமிநீக்கி. இதன் வழியே மணிக்கு 100 லிட்டர் நீர் ஓடுகிறது. உங்கள் தொட்டியும் 100 லிட்டர்தான். அப்படியானால் ஒரு மணி நேரத்தில் தொட்டி நீர் முழுவதும் விளக்கைக் கடந்துவிடும் அல்லவா? கடக்காது! ஏன் என்று பார்ப்போம்.

முதலில் விளக்கு. இது நம் வீட்டுக் குழல்விளக்கின் உடன்பிறப்பு. குழலுக்குள் பாதரச ஆவியில் மின்சாரம் பாயும்போது 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதாக் கதிர் பிறக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அக்கதிரை, குழல்விளக்கின் உட்புறம் பூசிய வெள்ளைப் பொடி வாங்கிக்கொண்டு வெளிச்சமாகத் திருப்பித் தருகிறது. (திருப்பூரின் வெள்ளை பனியன்களுக்குப் போடும் வெண்மையூட்டியும் இதே வித்தையைத்தான் செய்கிறது. வெயிலிலுள்ள புறஊதாவை வாங்கி, நீல ஒளியாகக் கொடுத்து, துணியைப் பளிச்சென்று காட்டுகிறது.) கிருமிநீக்கியின் விளக்கில் இந்தப் பொடி கிடையாது. சாதாரணக் கண்ணாடி இக்கதிரைத் தடுத்துவிடும். ஆகவே விளக்குக்கும் நீருக்கும் இடையே குவார்ட்ஸ் உறை இருக்கிறது.

நுண்ணுயிரின் டி.என்.ஏ. இந்தக் கதிரை நன்றாக உறிஞ்சும். உறிஞ்சியதும், அதில் அடுத்தடுத்து அமைந்த இரண்டு தைமின் அலகுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இப்படிப் பல இடங்களில் ஒட்டிவிட்டால் டி.என்.ஏ.வைப் பிரதி எடுக்க முடியாது, உயிரி பெருகாது. கதிரின் செறிவை நேரத்தால் பெருக்கினால் கிடைப்பது கதிரளவு. ஈ.கோலி பாக்டீரியாவில் ஆயிரத்துக்கு 999ஐ ஒழிக்கச் சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லிஜூலுக்கும் குறைவான அளவு போதும். மீன்களின் ஒட்டுண்ணிகளுக்கோ ஏறத்தாழ அதைப்போல் 10 மடங்கு தேவை. அதற்கு நீர் விளக்கருகே மெதுவாக ஓட வேண்டும். மெதுவாக ஓடினால் மணிக்குக் கடக்கும் நீர் குறையும். இது முதற்சிக்கல்.

இரண்டாவது சிக்கலைப் புரிந்துகொள்ள ஒரு சோதனை செய்யுங்கள். வாளியில் 10 லிட்டர் நீர் பிடித்து, சிறிது மை கலந்துகொள்ளுங்கள். ஒரு லிட்டர் மொண்டு எடுத்துவிட்டு, ஒரு லிட்டர் நல்ல நீர் ஊற்றிக் கலக்குங்கள். இப்படிப் பத்து முறை செய்தால் வாளி கொள்ளும் அளவு நீர் முழுவதையும் எடுத்துவிட்டீர்கள். மை போய்விட்டதா? ஒவ்வொரு முறையும் பத்தில் ஒன்பது பங்கு தங்குகிறது. 0.9ஐப் பத்து முறை பெருக்கிப் பாருங்கள்: 0.35 வரும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மை அப்படியே இருக்கிறது! விளக்கைக் கடந்த நீரும் கடக்காத நீரும் தொட்டியில் இதே போலத்தான் கலக்கின்றன. நீர் இடைவிடாமல் ஓடும்போது ஒரு மணிக்குப் பின் 37 விழுக்காடு விளக்கையே பார்க்காமல் இருக்கும். மூன்று மணிக்குப் பின் 5 விழுக்காடு. ஐந்து மணிக்குப் பின்னும் ஏறத்தாழ 0.7 விழுக்காடு. கதிரியக்கச் சிதைவுக்கும் மின்தேக்கியின் மின்னிறக்கத்துக்கும் இதே கணக்குதான்.

சாயப்பட்டறைக்காரர்களுக்கு இது அனுபவப் பாடம். சாயமேற்றிய துணியை, புதுநீர் விட்டு வழியவிட்டபடியே அலசினால் நீர் ஏராளமாகச் செலவாகும். முழுவதும் வடித்துவிட்டு மறுபடி நிரப்பி அலசினால் குறைவான நீரே போதும். கழிவுநீரை அறவே வெளியே விடாத நிலையை எட்டும்வரை திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அதன்பின் அலசிய நீரையெல்லாம் சுத்திகரித்து மீட்க வேண்டியதாயிற்று. இந்தக் கணக்குக்கு மதிப்பும் கூடியது. நம் குடிநீர்க் கருவியில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே ஒவ்வொரு துளியும் டம்ளருக்கு வருமுன் விளக்கைக் கடந்தே தீர வேண்டும்.

ஆக, இந்த விளக்கு தன்னிடம் வருவதைத்தான் தாக்கும், தேடிப்போய்ப் பிடிக்காது. தொட்டி நீர் பச்சையாக மாறினால், காரணம் நீரில் மிதக்கும் பாசி. அது மிதந்துகொண்டே விளக்கிடம் வந்துவிடுவதால் சில நாட்களில் நீர் தெளியும். மீன்கழிவின் அம்மோனியாவை மாற்றும் நல்ல பாக்டீரியாக்கள் வடிகட்டியின் பஞ்சில் ஒட்டி வாழ்வதால் தப்பிக்கின்றன. அது நமக்கு நல்லதே. ஆனால் வெண்புள்ளி நோயின் ஒட்டுண்ணியும் தப்பிக்கிறது! அது மீனின் தோலுக்குள் வளர்கிறது. பிறகு உதிர்ந்து, அடியிலுள்ள கூழாங்கற்களில் கூடுகட்டி, நூற்றுக்கணக்கில் பிளக்கிறது. அக்குஞ்சுகள் அடுத்த மீனைத் தேடி நீந்தும் ஓரிரு நாட்கள் மட்டுமே விளக்குக்கு வாய்ப்பு. சிறிய தொட்டியில் மீன் அருகிலேயே இருக்கும்; விளக்கை அடையுமுன் மீனை அடைவதே எளிது. எனவே மீன் மேல் உப்புத் தூவியதுபோல் புள்ளிகள் கண்டபின் விளக்கை மட்டும் நம்பினால் மீன் பிழைப்பது அரிது. மருந்து வேண்டும். அதைவிட, சென்னை கொளத்தூர்ப் பண்ணையிலிருந்து வந்தாலும் உள்ளூர்க் கடையிலிருந்து வந்தாலும், புதுமீனை இரண்டு மூன்று வாரம் தனித்தொட்டியில் வைத்துப் பார்ப்பதே என் கருத்தில் மேல். அதற்கு மின்சாரமும் வேண்டாம்.

மருந்து போடும்போது விளக்கை அணைத்துவிடுங்கள். இந்நோய்க்குப் பயன்பட்டுவரும் மாலகைட் பச்சை உண்மையில் ஒரு துணிச்சாயம்! (அதைக் கையாள்வது பெரியவர்கள் வேலை.) புறஊதா பல மருந்துகளைச் சிதைத்துவிடும், நிறமேறிய நீரும் கதிரை உறிஞ்சும். ஒரு சென்டிமீட்டருக்கு 90 விழுக்காடு கதிரை விடும் நீரில் 5 சென்டிமீட்டர் தள்ளி 59 விழுக்காடு எட்டும். 70 விழுக்காடே விடும் நீரிலோ வெறும் 17தான்.

எரியும் விளக்கை ஒருபோதும் வெளியே எடுத்துப் பார்க்காதீர்கள். சில நொடிகள் கூடக் கண்ணின் கருவிழிப் படலத்தைப் புண்ணாக்கலாம். வலி பல மணி நேரம் கழித்தே தொடங்கும் என்பதால் அப்போது ஒன்றும் தெரியாது. ஓட்டை வழியே தெரியும் நீல ஒளியைக் கண்டு விளக்கு நன்றாக இருக்கிறது என்றும் எண்ண வேண்டாம். அந்த நீலம் பாதரசத்தின் வேறு அலைநீளம். அது தெரியும்போதே 254 நானோமீட்டர்க் கதிர் தேய்ந்திருக்கலாம். ஆண்டுக்கொரு முறை விளக்கை மாற்றுவது வழக்கம். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் குவார்ட்ஸ் உறை மேல் சுண்ணாம்பு படியும். மின் இணைப்பைக் கழற்றிவிட்டு, எலுமிச்சைச் சாற்றில் நனைத்த துணியால் அதை மாதம் ஒருமுறை துடைக்கலாம்.