மாற்றிய என்ஜினும் பழுதானால்

2023 ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய இரு தினங்களில், காயல்பட்டினத்தில் மட்டும் இருபத்துநான்கு மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதும், திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பிரயாணிகளோடு நின்றுபோனதும், தாமிரபரணிக் கரையில் வாழ்கிறவர்கள் ஆயுளில் மறக்கக்கூடிய விஷயங்கள் அல்ல. வாகனங்களுக்கு நேர்ந்த நஷ்டமும் அந்த வெள்ளத்தோடு சேர்ந்ததே. காற்று போகும் குழாய் வழியாக நீர் புகுந்த என்ஜினை ஸ்டார்ட் செய்தால், காற்றைப்போல் நீர் சுருங்காத காரணத்தால் பிஸ்டன் மேலே ஏற இடமின்றி கனெக்டிங் ராடு வளைந்துபோகிறது. தரையோடு தரையாக ஓடும்படி அமைக்கப்பட்டு, காற்றுக் குழாயும் பல மாதிரிகளில் தாழ்வாகவே வைக்கப்பட்டிருக்கும் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு இந்த அபாயம் மற்ற வண்டிகளைவிட அதிகம். வெள்ளத்தாலோ, அதிவேகத்தாலோ, ஆயில் வற்றியதாலோ என்ஜின் போய், வேறு என்ஜின் வாங்கிப் பொருத்தி, அந்த என்ஜினும் சில வாரங்களுக்குள் புகை கக்கவோ தட்டவோ தொடங்கிவிட்டால், வண்டியின் சொந்தக்காரர் என்ன செய்ய வேண்டும் என்பதே இங்கே சொல்லப் புகுந்த பொருள்.

எல்லாவற்றிற்கும் முன்பாக ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். இந்த விவகாரத்தில் தலையாய சாட்சி அந்த என்ஜினே. ஆகையால் அதன் நிலைமை எழுத்தில் பதிவாகி, சம்பந்தப்பட்ட எல்லோரும் பார்க்கும்படியான ஏற்பாடு ஆகும்வரையில், எவர் எவ்வளவு நல்லெண்ணத்தோடு கேட்டாலும் அதை இறக்கவோ திறக்கவோ சம்மதிக்கக் கூடாது. ஹெட் ஒருமுறை இறங்கிவிட்டால், உள்ளே கண்ட சேதம் முன்பே இருந்ததா, திறந்தவர் கையால் விளைந்ததா என்ற கேள்விக்கு விடை சொல்ல எவராலும் முடியாது. அந்தச் சந்தேகத்தின் பலன் எப்போதும் விற்றவருக்கே போய்ச் சேருகிறது.

பழுதின் அறிகுறி தோன்றிய அன்றே செய்ய வேண்டியவை சில உண்டு. ஆயில் பிரஷர் விளக்கு எரிந்தாலோ, அடியிலிருந்து கனத்த தட்டல் கேட்டாலோ, வீடு வரை மெதுவாக ஓட்டிப் போய்விடலாம் என்று எண்ணாமல், செய்துங்கநல்லூரானாலும் கருங்குளமானாலும் நின்ற இடத்திலேயே என்ஜினை நிறுத்திவிட்டு, நான்கு சக்கரமும் மேலே ஏறும் தட்டையான ரெக்கவரி வண்டியை வரவழைக்க வேண்டும். கயிறு கட்டி இழுப்பது தாழ்ந்த வண்டிக்கு ஆகாது. நிறுத்திய பிறகு மீட்டர் காட்டும் கிலோமீட்டரையும், ஆயில் குச்சியின் அளவையும், கூலன்ட் அளவையும் தேதி நேரத்தோடு போட்டோ எடுத்து, கேட்ட சத்தத்தை முன்பே கைபேசியில் பதிந்திருந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள். ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரைக் கொண்டு கம்ப்யூட்டரில் பதிவாகியுள்ள கோளாறுக் குறிகளை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அவற்றை அழிக்க அனுமதிக்கக் கூடாது, ஏனெனில் கோளாறு நேர்ந்த கணத்தில் வேகம், வெப்பம், சுமை எவ்வளவு இருந்தன என்ற விவரம் அந்தக் குறிகளோடு சேர்ந்தே கிடக்கிறது. ஆயில் செலவாகிறது என்பதே குறையானால், ஆயிரம் கிலோமீட்டருக்கு எத்தனை மில்லி லிட்டர் ஊற்ற நேர்ந்தது என்று ஒரு நோட்டில் குறித்துவருவது அவசியம். “அண்ணாச்சி, புது என்ஜின் அப்படித்தான் இருக்கும், ஓட ஓட சரியாயிரும்” என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்வார்கள். ரிங் படியும்வரையில் ஆயில் சிறிது செலவாவது உண்மைதான். ஆனால் அந்த வார்த்தையை நம்பி உத்தரவாதக் காலத்தைக் கழியவிட்டவர்கள் அநேகர். ஒர்க்‌ஷாப்காரர் சொன்னதையே, “இன்ன தேதியில் இன்னபடி சொன்னீர்கள்” என்று அன்றைக்கே ஒரு செய்தியாக அவருக்கு அனுப்பி வைத்துவிடுவது மரியாதையும் ஆகும், ஆதாரமும் ஆகும்.

அடுத்த காரியம் காகிதங்களைச் சேர்ப்பது. என்ஜினுக்குக் கொடுத்த ஜி.எஸ்.டி. பில், அதில் என்ஜின் எண், உத்தரவாதத்தின் வாசகம், பொருத்திய கூலியின் பில், ஊற்றிய ஆயிலின் தரம், பணம் போன வழி ஆகியவை ஒரே கோப்பில் இருக்க வேண்டும். சென்னைப் புதுப்பேட்டை போன்ற கடைவீதிகளில் வாங்கிய பழைய என்ஜினாக இருந்தால், அது எந்த வண்டியிலிருந்து எடுக்கப்பட்டது என்பதற்கான பத்திரத்தையும் கேட்டு வாங்குங்கள். இங்கே பலர் கவனியாமல் விடும் ஒரு விஷயம், என்ஜின் மாறினால் பதினான்கு நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்துப் பதிவுச் சான்றில் புதிய எண்ணை ஏற்ற வேண்டும் என்று 1988 ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு விதித்திருப்பது. அதைச் செய்யாதவருடைய இன்ஷூரன்ஸும் ஆட்டம் காணும். அவருடைய வழக்கில் எதிர்த்தரப்பு முதன்முதலாக எடுத்து நீட்டும் காகிதமும் பழைய எண்ணுள்ள அந்தப் பதிவுச் சான்றாகவே இருக்கும்.

இனி பரிசோதனை. என்ஜினைத் திறக்காமலே அதன் உள்நிலையை அறியும் வழிகள் சில இருக்கின்றன. கம்ப்ரஷன் பார்ப்பது முதலாவது: என்ஜின் வெதுவெதுப்பாக இருக்க, எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, பெட்ரோலையும் பொறியையும் துண்டித்து, த்ராட்டிலை முழுக்கத் திறந்து, நிறைந்த பேட்டரியால் சுழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கேஜ் காட்டும் அளவை எழுத வேண்டும். தயாரிப்பாளரின் கையேட்டு அளவுக்குக் குறைவாக இருப்பதோ, சிலிண்டருக்குச் சிலிண்டர் நூற்றுக்குப் பத்துப் பதினைந்துக்கு மேல் வித்தியாசப்படுவதோ கோளாறுதான். குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி பார்க்கையில் அளவு ஏறினால் ரிங் அல்லது போர் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வையோ ஹெட் கேஸ்கெட்டையோ சந்தேகிக்க வேண்டும். இரண்டாவது, சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்து அது எங்கே கசிகிறது என்று கேட்பது: சைலன்ஸரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் மூடியில் சீறினால் ரிங், ரேடியேட்டரில் குமிழி எழுந்தால் கேஸ்கெட். மூன்றாவது, கேஜ் மாட்டி ஆயில் அழுத்தத்தை நேராக அளப்பது. இவற்றின் முடிவுகளைச் செய்தவர் தம் லெட்டர்ஹெட்டில் எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். வாய்ச்சொல்லாகச் சொல்லும் பரிசோதனைக்கு நுகர்வோர் ஆணையத்தின் முன்னே மதிப்பில்லை.

ஆயில் ஃபில்டரைக் கழற்றி அறுத்துப் பார்ப்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த விவகாரத்தின் முடிச்சே அங்கேதான் விழுகிறது. ஃபில்டர் மடிப்பில் மினுமினுக்கும் உலோகத் துகள் இருந்தால், பெரும்பாலும் என்ஜினுக்குள்ளே ஒரு பேரிங் அரைபடுகிறது என்று பொருள். ஆனால் அந்தத் துகள் எங்கிருந்து வந்தது? பழைய என்ஜின் சிதைந்தபோது அதன் உலோகப் பொடி ஆயிலோடு ஓடி, ஆயில் கூலரின் நுண்ணிய அறைகளிலும், டர்போவின் குழாய்களிலும் போய்த் தங்கிவிடுகிறது. சாதாரண வண்டிகள் பலவற்றில் தனியான ஆயில் கூலரும் இல்லை, டர்போவும் இல்லை. ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றிலோ இரண்டும் உண்டு. எத்தனை கழுவினாலும் கூலரின் உள்ளே சிக்கிய பொடி முழுவதும் வெளியேறாது என்பதனால், அதை மாற்றியே தீர வேண்டும் என்பது இத்தொழிலில் தேர்ந்தவர்களின் துணிபு. செலவைக் குறைக்கப் பழைய கூலரையே பொருத்தி ஸ்டார்ட் செய்தால், மணல் கலந்த அரிசியை ஆட்டுக்கல்லில் இட்டதுபோல், குறையேதுமில்லாத என்ஜினும் சில நூறு கிலோமீட்டரில் அரைபட்டுப் போகும். அப்போது என்ஜின் விற்றவர், “பொருத்தியவன் கூலரை மாற்றவில்லை” என்பார். பொருத்தியவர், “வந்த என்ஜினே சரியில்லை” என்பார். இருவரும் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். ஆகவே பொருத்திய பில்லில் கூலர், ஆயில் குழாய்கள், டர்போ ஆகியவை மாற்றப்பட்டனவா என்று முதலில் பாருங்கள். மாற்றப்படவில்லையெனில் உங்கள் வாதம் பொருத்தியவரை நோக்கியும் செல்ல வேண்டும். இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்ப்பதில் தவறில்லை. ஒருவரை விட்டுவிட்டால், இருக்கிறவர் இல்லாதவர்மேல் பழியைச் சுமத்திவிட்டுத் தப்புவார்.

என்ஜினைத் திறந்தே தீர வேண்டிய கட்டம் வரும்போது, விற்றவருக்கும் பொருத்தியவருக்கும் தேதியும் இடமும் குறிப்பிட்டு எழுத்து மூலம் அழைப்பு அனுப்பி, அவர்கள் வந்தால் அவர்கள் முன்னிலையிலும், வராவிட்டால் வராததை எழுதி வைத்துவிட்டும், உரிமம் பெற்ற ஒரு சர்வேயரை உடன் வைத்துக்கொண்டு திறக்க வேண்டும். ஒவ்வொரு பாகமும் வெளிவரும் வரிசையில் படம் எடுக்கப்பட்டு, பேரிங்குகளும் ஃபில்டரும் வடித்த ஆயிலின் ஒரு போத்தலும் சீல் வைக்கப்பட வேண்டும். பழைய பாகங்களை ஒர்க்‌ஷாப்பிலேயே விட்டுவிட்டு வருவது, பத்திரத்தைப் பிரதிவாதியின் பெட்டியில் வைத்துவிட்டு வருவதற்குச் சமானம்.

கடிதம் எழுதும்போது கோபத்தை விலக்கி, வாங்கிய தேதி, ஓடிய தூரம், கண்ட குறை, பரிசோதனையின் முடிவு, வேண்டும் பரிகாரம் என்ற கிரமத்தில் எழுதி, கொடுத்ததற்கான அத்தாட்சி கிடைக்கும்படி தபாலில் அனுப்புங்கள். “விற்ற பொருள் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட மாட்டாது” என்று பில்லில் அச்சடித்திருப்பதைக் கண்டு தயங்க வேண்டாம். குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள்ளும், காலம் குறிக்காவிட்டால் முப்பது நாட்களுக்குள்ளும் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம் என்று 2019 ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தெளிவாகக் கூறுகிறது. பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம். சில வியாபாரிகள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வருகிறார்கள்.

வராதவர்களுக்கு ஆணையம் இருக்கிறது. என்ஜின் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ வாங்கியதாயினும், வாங்கியவர் வசிக்கும் இடத்திலேயே மனுக் கொடுக்கலாம் என்று அந்த 2019 ஆம் வருஷத்துச் சட்டம் அனுமதித்திருப்பது, பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் நம்மைப் போன்றவர்களுக்குக் கிடைத்த பெரிய அனுகூலம். ஆழ்வார்திருநகரிக்காரர் தூத்துக்குடி மாவட்ட ஆணையத்துக்குப் போனால் போதும். கொடுத்த விலை ஐம்பது இலட்சம் வரையில் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். ஐந்து இலட்சம் வரையில் கட்டணமே இல்லை. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. நவதிருப்பதி யாத்திரிகர்களை ஏற்றிச் செல்லும் வண்டிக்காரர், வியாபாரத்துக்கு வாங்கியதால் தமக்கு உரிமையில்லையோ என்று அஞ்ச வேண்டாம்: சொந்த உழைப்பால் ஜீவனம் நடத்துவதற்காக வாங்கியவரைச் சட்டம் நுகர்வோராகவே கொள்கிறது. மனுவோடு, பொருளைத் தகுந்த ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிப் பரிசோதிக்க வேண்டும் என்ற விண்ணப்பத்தையும் சேர்த்தே கொடுங்கள். நிபுணர் அறிக்கை இல்லாத காரணத்தால் தோற்ற வாகன வழக்குகள் நம் நாட்டில் ஏராளம்.

எதைக் கேட்பது என்பதில் நிதானம் வேண்டும். குறையுள்ள பாகத்தை மாற்றினால் தீரக்கூடிய பழுதுக்காக வண்டி முழுவதையும் மாற்றித் தரச் சொல்ல முடியாது என்று மாருதி உத்யோக் வழக்கில் 2006 ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. மாற்றிய என்ஜினும் பயன்படாதபோது நிலைமை வேறு. ஃபோர்டு எண்டெவர் வண்டி ஒன்றைப் பற்றிய வழக்கில், என்ஜினை மாற்றிக் கொடுத்த பின்னும் வண்டி ஓடத் தகுதி பெறவில்லை என்பதால், 2023 இல் அதே நீதிமன்றம் 42 இலட்சம் ரூபாய் கொடுக்கும்படி உத்தரவிட்டது. 2009 இல் வாங்கிய பி.எம்.டபிள்யூ. ஒன்றுக்கு 50 இலட்சம் கிடைத்தது 2024 இல். இடையே கழிந்தவை பதினைந்து வருஷங்கள். ஆகையால் என்ஜின் விலையும் பொருத்திய கூலியும் வண்டியை ஏற்றி வந்த செலவும் சேர்த்து நியாயமான தொகை வழியில் கிடைக்குமானால் ஏற்றுக்கொள்வதே விவேகம் என்பது என் அபிப்பிராயம். இரண்டாவது என்ஜினும் பழுதான பிறகு, அதே கடையிலிருந்து மூன்றாவது என்ஜினைப் பரிகாரமாக ஏற்பதைக் காட்டிலும் பணத்தைத் திரும்பப் பெறுவதே மேல்.

வண்டியை இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்திலோ கோயம்புத்தூர்க் கரி தளத்திலோ ஓட்டியிருந்தாலும், கம்ப்யூட்டரை ரீமேப் செய்து சக்தியைக் கூட்டியிருந்தாலும், அதை மறைக்காமல் மனுவிலேயே சொல்லிவிடுங்கள். பதிவுகளிலிருந்து அது எப்படியும் வெளிப்படும்; வெளிப்படும்போது, உண்மையான குறையைப் பற்றிய உங்கள் சாட்சியமும் அதோடு வலுவிழக்கும்.

மனுச் செய்யக் காலவரம்பு வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷம். விற்றவரோடு நடத்தும் கடிதப் போக்குவரத்து அந்தக் காலத்தைத் தானாக நீட்டித்துவிடாது. ஆதலால் மாற்றிய என்ஜின் முதன்முதல் பழுதான தேதியைக் கோப்பின் மேலட்டையில் எழுதி வைத்து, சமாதானப் பேச்சு எவ்வளவு இனிமையாக நடந்துகொண்டிருந்தாலும், அந்த இரண்டு வருஷம் முடியுமுன் மனுவைத் தாக்கல் செய்துவிடுங்கள்.