தொழில் மாநாட்டுக்குப் போகும் தங்கைகளுக்கு

எங்கள் கொங்குப் பக்கத்தில் ஆண்கள் தொழில் கற்றுக்கொண்டது பாதி பட்டறையில், பாதி டீக்கடையில். எந்த மில் நூல் விலையை ஏற்றப்போகிறது, எந்தக் கடைக்காரர் பணத்தை மூன்று மாதம் இழுத்தடிப்பார், எந்த வங்கி மேலாளர் ஃபைலைத் திறந்து பார்ப்பார் என்பதெல்லாம் பொழுது சாய்ந்த பிறகு அங்கே தானாகக் காதில் விழும். அந்த நேரத்தில் நாம் அடுப்படியில் நிற்போம், இல்லாவிட்டால் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தோடு மல்லுக்கட்டுவோம். முதல் போட்டு உழைத்தும், செய்தி மட்டும் நமக்குக் கடைசியில்தான் வந்தது. பெண்கள் தொழில் மாநாட்டுக்குப் போவது அந்தச் செய்தியை எடுத்து வரத்தான்.

பெண்கள் தொழில் பேசக் கூடுவது புதிய பழக்கமும் இல்லை. 1959-இல் மும்பை கிர்காமில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி, மொட்டை மாடியில் அப்பளம் இட்டதுதான் லிஜ்ஜத் அப்பள நிறுவனத்தின் தொடக்கம். 1978-இல் சென்னையில் ஜெயா அருணாச்சலம் உழைக்கும் பெண்கள் அமைப்பைத் தொடங்கியபோது, அதில் சேர்ந்தவர்கள் தெருவோரம் கூடை வைத்து வியாபாரம் செய்த பெண்கள். பட்டுப்புடவையும் பூங்கொத்தும் குரூப் போட்டோவும் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டவை. சத்துமாவும் மசாலாப்பொடியும் செய்து விற்று வயதானவள் நான். தொழிலில் இப்போதுதான் கால் வைக்கும் உங்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1. எதற்குப் போகிறீர்கள் என்று ஒரே வரியில் எழுதுங்கள்.

‘நாலு பேரைத் தெரிந்துகொள்ளலாம்’ என்று கிளம்பினால் நாற்பது பேரைப் பார்ப்பீர்கள், ஒரு வேலையும் நடக்காது. ‘மதுரைப் பக்கம் மாதம் 200 கிலோ எடுக்கும் ஒரு விநியோகஸ்தர் வேண்டும்’, ‘சொத்து அடமானம் இல்லாமல் 5 லட்சம் கடன் தரும் வங்கிக் கிளை வேண்டும்’ என்று எழுதுங்கள். அதில் ஊரும் அளவும் இருக்க வேண்டும். அந்த வரியைக் கேட்டவருக்கு உடனே ஓர் ஆள் நினைவுக்கு வர வேண்டும்.

2. கட்டணம் கட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்.

‘இங்கே வாங்குவதற்கு யார் வருகிறார்கள்?’ இதுதான் கேள்வி. பேச்சாளர் பட்டியலை எல்லோரும் அனுப்புவார்கள். கொள்முதல் செய்யும் நிறுவனங்களின் பட்டியலைச் சிலர்தான் தருவார்கள், அங்கே போங்கள். ஃபிக்கி என்ற அகில இந்தியத் தொழில் வர்த்தகச் சபையின் மகளிர் பிரிவான எஃப்எல்ஓ 1983-இலிருந்து நடக்கிறது, சென்னையிலும் கோவையிலும் கிளை உண்டு. கோவையில் சிறுதொழில் சங்கமான கொடீசியா இருக்கிறது. சென்னை கிண்டியில் அரசின் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் பயிற்சிகள் நடத்துகிறது. கையில் காசு குறைவாக இருந்தால் அரசுப் பயிற்சியிலிருந்து தொடங்குங்கள்.

‘உங்களைச் சாதனைப் பெண்ணாகத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், விருதுக்கு இவ்வளவு கட்டுங்கள்’ என்று யாராவது கூப்பிட்டால் போனை வைத்துவிடுங்கள். நாம் காசு கொடுத்து வாங்குகிற கேடயத்தை எந்த வியாபாரியும் மதிக்க மாட்டார்.

3. தொழிலின் ஜாதகத்தை ஒரு தாளில் அடக்குங்கள்.

உத்யம் எண் (குறு, சிறு, நடுத்தரத் தொழில் பதிவு எண்), ஜிஎஸ்டி எண், உணவுத் தொழிலாக இருந்தால் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தந்த 14 இலக்க எண், மாதம் எவ்வளவு செய்ய முடியும், குறைந்தபட்ச ஆர்டர் எவ்வளவு, பொருள் எத்தனை மாதம் கெடாமல் இருக்கும் என எல்லாம் அதில் வரட்டும். விலையை மூன்றாகப் பிரித்துப் போடுங்கள்: எம்ஆர்பி, கடைக்காரருக்கு, விநியோகஸ்தருக்கு. இந்த மூன்றும் இல்லாமல் பெரிய கடைக்காரரிடம் நின்றால், ‘வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டுக்கொண்டு வாம்மா’ என்று பார்வையிலேயே சொல்லிவிடுவார்.

உத்யம் பதிவுக்கு அரசு ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை. ‘நான் எடுத்துத் தருகிறேன், ஐயாயிரம் ஆகும்’ என்று மாநாட்டு வாசலிலேயே ஆள் நிற்பார். கும்பிட்டுவிட்டு நகருங்கள்.

சாம்பிள் பாக்கெட்டிலும் தயாரித்த தேதி, பேட்ச் எண், எடை எல்லாம் இருக்கட்டும். லேபிள் இல்லாத பாக்கெட்டைக் கொள்முதல் அதிகாரி மேசையிலேயே விட்டுவிட்டுப் போவார்.

4. ‘சும்மா வீட்டிலேயே சின்னதாப் பண்றேங்க’ என்று சொல்லாதீர்கள்.

எட்டுப் பேருக்கு வாராவாரம் கூலி கொடுக்கிறவர்கூட இப்படித்தான் சொல்கிறார். அடக்கம் என்று நினைத்துச் சொல்கிறோம். எதிரில் இருப்பவர் அதைத் திறன் குறைவு என்று குறித்துக்கொள்கிறார். ‘பொள்ளாச்சியில் சிறுதானியச் சத்துமாவு தயாரிக்கிறோம். மாதம் 800 கிலோ போகிறது. இன்னும் 400 கிலோ செய்ய மிஷின் இருக்கிறது. திருச்சியில் ஆள் தேடுகிறோம்.’ இவ்வளவு போதும். உங்கள் கணக்கைப் போட்டு இதை வீட்டில் நாலைந்து முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மாநாட்டில் தடுமாறாது.

5. தொழில் யார் பேரில் இருக்கிறது என்று பாருங்கள்.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். மாவு அரைப்பதும் ஆள் வைப்பதும் வசூலுக்கு அலைவதும் நீங்கள், காகிதத்தில் மட்டும் வீட்டுக்காரர் பெயர் என்று எத்தனையோ வீடுகள். மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும், 3 சதவீதம் பெண்கள் நடத்தும் நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்று 2018-இலிருந்து விதி இருக்கிறது. அந்தக் கணக்கில் வர, தனி உரிமையாளர் பெண்ணாக இருக்க வேண்டும். கூட்டு நிறுவனமோ பிரைவேட் லிமிடெடோ என்றால் 51 சதவீதமாவது பெண்கள் கையில் இருக்க வேண்டும். வீகனெக்ட் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு, பெண்களிடம் வாங்க நினைக்கும் பன்னாட்டு நிறுவனங்களுக்காகச் சான்று தருகிறது. அதற்கும் 51 சதவீதம்தான் அளவு, கூடவே நிர்வாகமும் முடிவெடுப்பதும் பெண்ணிடம் இருக்க வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. காகிதத்தில் உங்கள் பெயரைப் போட்டுவிட்டுத் தொழிலை வேறொருவர் நடத்துகிறார் என்றால், கொள்முதல் அதிகாரி இரண்டு கேள்வி கேட்டதுமே தெரிந்துவிடும். காகிதத்தையும் நடைமுறையையும் ஒன்றாக்கிவிட்டு மாநாட்டுக்குப் போங்கள். வீட்டில் இதைப் பேசக் கூச்சமாக இருந்தால் ஆடிட்டரை வைத்துப் பேசுங்கள்.

6. கூட வந்தவர்களோடு உட்காராதீர்கள்.

ஒரே வேனில் வந்த ஆறு பேர், ஒரே வரிசையில் உட்கார்ந்து, ஒன்றாகச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவதை எல்லா மாநாட்டிலும் பார்க்கலாம். மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-இல் எழுதிய கட்டுரை ஒன்று உலகப் புகழ் பெற்றது. வேலை பற்றிய தகவல் நெருங்கியவர்களைவிட, எப்போதாவது பார்க்கும் அரைகுறை அறிமுகங்கள் மூலம்தான் அதிகம் வருகிறது என்று அவர் காட்டினார். காரணம் எளிது. நெருங்கிய சிநேகிதிக்குத் தெரிந்தது பெரும்பாலும் உங்களுக்கும் தெரிந்திருக்கும். காலை காபிக்கு ஒரு மேசை, மத்தியானச் சாப்பாட்டுக்கு வேறொரு மேசை என்று மாறி உட்காருங்கள். வேனில் திரும்பும்போது ஆறு பேரும் கேட்டு வந்ததைக் கொட்டிப் பகிர்ந்துகொள்ளலாம்.

7. மேடையில் இருப்பவரைவிட இரண்டாவது ஆளைத் தேடுங்கள்.

பேசி இறங்கியவரைச் சுற்றி செல்ஃபிக்கு ஐம்பது பேர் நிற்பார்கள். அவரோடு வந்த கொள்முதல் மேலாளர், ஸ்டாலில் சும்மா நிற்கும் வங்கி அதிகாரி, போன வருடம் கடை போட்ட ஓர் அக்கா என்று இவர்களிடம் பேச ஆள் இருக்காது, அவர்களிடம் நேரம் இருக்கும். கேள்வியையும் மாற்றுங்கள். வங்கி அதிகாரியிடம் ‘லோன் கிடைக்குமா சார்?’ என்றால் ‘பிராஞ்சுக்கு வாங்கம்மா’ என்பார். ‘சிஜிடிஎம்எஸ்இ உத்தரவாதத்தில் உணவுத் தொழிலுக்கு உங்கள் கிளையில் கொடுத்திருக்கிறீர்களா? என்னென்ன காகிதம் கேட்டீர்கள்?’ என்று கேளுங்கள். சொத்து அடமானம் இல்லாத கடனுக்கு வங்கிக்கு உத்தரவாதம் தரும் அறக்கட்டளை அது. அதன் பெயர் தெரிந்து பேசுகிறவரை அதிகாரி உட்காரச் சொல்வார்.

8. விலையை நின்ற இடத்தில் குறைக்காதீர்கள்.

‘பெரிய ஆர்டர் தருகிறேன், கிலோவுக்கு இருபது ரூபாய் குறை’ என்றால், ‘நாளைக் காலை எழுதி அனுப்புகிறேன்’ என்று சொல்லுங்கள். எதிரில் நிற்பவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கணக்குப் போட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

கடன் நாளைப் பற்றிச் சட்டத்தில் இருப்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளரிடமோ சேவை தருபவரிடமோ வாங்கியவர் எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தமே இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. 2024 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த வருமான வரி விதிப்படி, கெடுவுக்குள் தராத தொகையை வாங்கியவர் அந்த வருடச் செலவாகக் கழிக்க முடியாது, பணத்தைக் கொடுத்த வருடத்தில்தான் கழிக்கலாம். அதனால் பெரிய நிறுவனத்தின் கணக்காளர் உங்கள் உத்யம் எண்ணை அவராகவே கேட்பார். முதல் சந்திப்பிலேயே சட்டம் பேச வேண்டாம். பில்லில் உத்யம் எண்ணை அச்சடியுங்கள், பர்சேஸ் ஆர்டரில் பணம் தர வேண்டிய கெடு நாளை எழுதி வாங்குங்கள்.

9. போட்டிக்காரியிடம் பேசுங்கள்.

அதே சத்துமாவைச் செய்கிற இன்னொருத்தி எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். பவுச் அச்சடிக்க வண்ணத்துக்கு ஒன்றாக சிலிண்டர் செய்ய வேண்டும், குறைந்தபட்ச அளவும் பெரிது. அந்தச் சங்கடம் அவருக்கும் இருக்கிறது. கேழ்வரகும் பொட்டுக்கடலையும் இருவரும் சேர்ந்து லோடாக எடுத்தால் விலை இறங்கும். எந்த லாரி சர்வீஸ் பாட்டிலை உடைக்கிறது, எந்தச் சூப்பர் மார்க்கெட் விற்காத சரக்கை ஆறு மாதம் கழித்துத் திருப்பி அனுப்புகிறது என்பதையெல்லாம் அவரைப் போல உண்மையாக யாரும் சொல்ல மாட்டார்கள். பக்குவத்தை மட்டும் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

10. போன், பொழுது, வீடு.

தொழிலுக்குத் தனி சிம் வைத்துக்கொள்ளுங்கள். ‘ரூமுக்கு வாங்க, சாம்பிள் பார்க்கலாம்’ என்பவரிடம் ‘கீழே லாபியில் பார்க்கலாம்’ என்று சொல்லுங்கள், காரணம் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி விருந்துக்கு இருப்பதா கிளம்புவதா என்பதைக் காலையிலேயே தீர்மானித்துவிடுங்கள். அன்றைக்கு வீட்டுச் சமையல் உங்கள் பொறுப்பு இல்லை என்பதையும் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். சாம்பார்ப் பொடி எந்த டப்பாவில் என்று கேட்டு வரும் போனுக்காக ஒரு வியாபாரப் பேச்சைப் பாதியில் விடக் கூடாது.

11. மாநாட்டுக்கு அடுத்த இரண்டு நாள்தான் மாநாடு.

விசிட்டிங் கார்டு வாங்கியதும் பின்னால் இரண்டு சொல் எழுதுங்கள்: ‘மதுரை, கண்ணாடி ஜாடி’, ‘வங்கி, செவ்வாய்க்கிழமை போன்’. மூன்று நாள் போனால் எந்த முகம் எந்தக் கார்டு என்று தெரியாது. ‘உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி’ என்று எல்லோருக்கும் ஒரே வாட்ஸ்அப் தட்டிவிடாதீர்கள். பேசிய விஷயத்தைச் சொல்லி, தருவதாகச் சொன்னதை உடனே அனுப்புங்கள். சந்தித்தவர்களில் இரண்டு பேரை ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்து வையுங்கள். நமக்கு அதில் லாபம் இல்லாவிட்டாலும் அடுத்த செய்தி நம்மைத் தேடி வரும்.

12. மூன்று மாதம் கழித்துக் கணக்குப் பாருங்கள்.

கட்டணம், பயணம், சாம்பிள், ஒரு நாள் உற்பத்தி நின்றது எல்லாம் ஒரு பக்கம். வந்த ஆர்டர், கிடைத்த கடன், விலை குறைந்த மூலப்பொருள் மறுபக்கம். தேறவில்லை என்றால் அடுத்த வருடம் வேறு மாநாடு. தேறியது என்றால் ஸ்டால் போடுங்கள். அப்போது புதிதாகத் தொழில் தொடங்கிய ஒரு பெண் கூச்சத்தோடு வந்து ‘அக்கா, கிலோவுக்கு என்ன நிற்கிறது?’ என்று கேட்பாள். சிரித்து மழுப்பாமல் சரியான தொகையைச் சொல்லுங்கள்.