'அப்துல்' மட்டும் பெயரன்று



நம் கடைக் கடன் புத்தகத்தில் 'அப்துல்' என்ற பெயரில் மூன்று பக்கங்கள் இருந்தன. ஓர் அப்துல் கட்டிய அறுபது வெள்ளியை மற்றோர் அப்துலின் பக்கத்தில் வரவு வைத்துவிட்டு, கட்டியவரிடமே இரண்டு மாதம் கழித்துப் பாக்கி கேட்டோம். "காக்கா, உங்க கையிலதானே தந்தேன்!" என்று அவர் முகம் வாடி நின்றார். மதரஸாவில் ஓதியும் இப்படிச் செய்தோமே என்ற வெட்கத்தில் இதை எழுதுகிறோம்.

'அப்து' என்றால் அடிமை. 'அல்' அடுத்து வரும் திருநாமத்தைச் சேர்ந்தது. 'அப்துல்' என்று நிறுத்தினால் யாருடைய அடிமை என்று சொல்லாமல் பாதியில் வாயை மூடியதாகும். 'ரஹ்மான்' என்று பின்பாதியை மட்டும் கூப்பிடுவதோ அதனினும் பிழை. அது அல்லாஹ்வின் திருநாமமல்லவா? அப்துல் காதர் என்பது ஒரே பெயர், இரண்டன்று. ர, ஸ போன்ற எழுத்துக்கள் வந்தால் 'ல்' மறைந்து அவ்வெழுத்தே இரட்டிக்கும். ஆதலால் அப்துர் ரஹ்மான், அப்துஸ் ஸமது என்கிறோம். இதையறியாமல் ஒரே ஆளுக்கு இரண்டு கணக்குத் திறந்த கடைகளும் உண்டு!

அரபிகள் ஆளை அடையாளங்காட்டும் முறைக்கு, 1332-ல் துனிஸில் பிறந்த சரித்திர ஆசிரியர் இப்னு கல்தூனின் பெயரைப் பாருங்கள்: அபூ ஸைது அப்துர் ரஹ்மான் இப்னு முஹம்மது இப்னு கல்தூன் அல் ஹள்ரமீ. இட்ட பெயர் அப்துர் ரஹ்மான். 'அபூ ஸைது', ஸைதின் தகப்பன், மரியாதைப் பெயர். இதைக் குன்யத் என்பர். இது பிள்ளையைக் கொண்டுதான் வரவேண்டுமென்பதில்லை. அபூ ஹுரைரா (ரலி) அவர்களுக்குப் பூனைக்குட்டியால் வந்தது. 'இப்னு' என்றால் மகன். நம் பத்திரங்களிலுள்ள 'பின்' அதுவே. ஆனால் கல்தூன் அவருடைய தகப்பனாரல்லர், பல தலைமுறைக்கு முந்திய பாட்டனார். 'ஹள்ரமீ' என்பது முன்னோரின் ஊர், யமனிலுள்ள ஹள்ரமௌத். சிங்கப்பூருக்கு வந்த அரபு வணிகர்களில் பெரும்பாலோர் அவ்விடத்தாரே.

பெண்களும் தகப்பனார் பெயரையே கொள்வர். நிக்காஹ் ஆனபின்பும் ஆயிஷா நாயகி (ரலி) 'பின்த் அபீ பக்ர்' ஆகவே இருந்தார்கள்.

அந்த மூன்று பக்கங்களிலும் இப்போது முழுப் பெயரும் தகப்பனார் பெயரும் எழுதியாயிற்று. இருவருக்கு அவ்விரண்டும் ஒன்றாகவே இருந்தன. ஊர்தான் பிரித்துக் காட்டியது: ஒருவர் கீழக்கரை, மற்றவர் கூத்தாநல்லூர். அறுபது வெள்ளி கீழக்கரையாருடைய பக்கத்துக்குப் போய்விட்டது.