பழமைக் கோலம்

மன்ற நாடகத்திற்கு மேடைப் பொருள்கள் வேண்டும். பாட்டனார் காலத்துப் பெட்டி, களிம்பேறிய செப்புக் குடம், மங்கிய கடிதம் ஆகியவற்றை விலைக்கு வாங்க மாணவர் கையில் பணம் ஏது? செட்டிநாட்டு மாளிகைகளை இடிக்கும்போது வெளிவரும் பொருள்கள் காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவில் விற்பனையாகின்றன. அவற்றின் விலை நமக்கு எட்டாது. பழைய இரும்புக் கடையே நமக்குப் புகலிடம். அங்கே கிடைப்பவற்றுக்குப் பழமைத் தோற்றம் தரும் வகையை, வேதியியல் பயிலும் மாணவன் என்ற முறையில் இங்கே கூறுகிறேன்.

பழமைத் தோற்றம் எதனால் வருகிறது? காற்றும் நீரும் ஒளியும் பொருளின்மேல் நெடுங்காலம் செய்யும் மாற்றத்தால் வருகிறது. அம்மாற்றத்தை நாம் விரைவுபடுத்தலாம். அல்லது அதன் நிறத்தை வேறு வழியில் வருவிக்கலாம்.

மரம்: கள்ளிப்பெட்டிப் பலகை வெளிறியிருக்கும். கடுக்காய்த் தூளை நீரில் காய்ச்சி வடித்துப் பூசி உலர்த்துக. இரும்பு ஆணிகளைச் சில நாள் வினிகரில் ஊறவைத்து, அந்த நீரை அதன்மேல் தடவுக. கடுக்காயின் துவர்ப்புப் பொருளும் இரும்பும் கூடிப் பலகை கறுக்கும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து நம் முன்னோர் மை செய்ததும் இம்முறையே. ஆணி ஊறும் புட்டியை இறுக மூடலாகாது. ஹைட்ரஜன் வாயு வெளிவரும்.

செம்பு: புளியால் துலக்கி, உப்புக் கலந்த வினிகரைத் தெளித்து, மூடிய பெட்டியில் வைத்திடுக. ஓரிரு நாளில் நீலப்பச்சைக் களிம்பு படரும். அது நஞ்சு, அந்தப் பாத்திரம் மீண்டும் அடுக்களைக்குப் போகக் கூடாது.

தாள்: பழந்தாள் மஞ்சளிப்பதற்கு அதிலுள்ள லிக்னின் முதற்காரணம். நமக்கோ ஆறிய தேயிலை வடிநீர் போதும். நனைத்து நிழலில் உலர்த்துக.

இனி, நான் செய்யவிருந்த ஒரு பிழையையும் சொல்ல வேண்டும்.

எங்கள் குடும்பம் வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து குடிபாலாவில் குடியேறியது. விடுமுறையில், புலவர் கையில் கொடுக்க ஒரு சுவடி தேடினேன். பழைய பொருள் கடையில் ஓலைக் கட்டு ஒன்று கிடைத்தது. வெற்றோலை என்று எண்ணி, அளவுக்கு நறுக்கக் கத்திரியை எடுத்துவிட்டேன். "பொறுடா, வெளிச்சத்துல சாய்ச்சுப் பாரு. கீறின மாதிரி இருக்கே" என்றார் பாட்டி. சாய்த்துப் பார்த்தேன். மை போன எழுத்துகள்! திரிகடுகம், வேளை, உழக்கு என்று சில சொற்கள் தெரிந்தன. யாரோ ஒரு வைத்தியர் தம் கைப்பட எழுதியவை. என் கை நடுங்கிவிட்டது.

உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து தேடியவை இத்தகைய ஓலைகளே அல்லவா? திருப்பதிக் கீழ்த்திசை ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில் இவற்றைப் போற்றிக் காக்கிறார்கள். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும், 75 ஆண்டுக்குக் குறையாத, இலக்கிய, வரலாற்று அல்லது அறிவியல் மதிப்புடைய கையெழுத்துச் சுவடிகளைத் தொல்பொருளாகக் கருதுகிறது. அந்தக் கட்டைத் தனியே எடுத்து வைத்தேன். மேடைக்குப் புதுப் பனையோலையே வந்தது.

ஆகவே நண்பர்களே, எப்பொருளிலும் கைவைக்குமுன் எழுத்தோ, பொறித்த பெயரோ, ஆண்டோ உளதா என்று பாருங்கள். நீங்கள் செய்த பொருளின் அடியில் செய்த ஆண்டை எழுதிவையுங்கள். நாளை அதை வாங்குபவர் ஏமாற வேண்டாம்.