தகவலின் வேரைத் தேடியவர்

கூட்டில் பறவைக் குஞ்சுகள் வாயைப் பிளந்து கத்துகின்றன. தாய்ப்பறவை எந்தக் குஞ்சுக்கு இரையூட்டும்? உரக்கக் கத்தும் குஞ்சுக்கு உண்மையிலேயே பசியா, அல்லது அது நடிக்கிறதா? உயிர்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் செய்திகளை எப்போது நம்பலாம் என்பது பரிணாம உயிரியலின் முக்கிய வினாக்களுள் ஒன்று.

அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்ல் பெர்க்ஸ்டிரோம், தம் ஆய்வுப் பயணத்தின் தொடக்கத்தில் இவ்வினாவைக் கணிதத்தின் துணையோடு ஆராய்ந்தார். பின்னர், அறிவியலாளர்களிடையே தகவல் பரவும் விதத்திலும் அவர் கவனம் செலுத்தினார். ஆய்விதழ்கள் ஒன்றையொன்று மேற்கோள் காட்டுவதைக் கொண்டு அவற்றின் செல்வாக்கை அளக்கும் முறையைத் தம் குழுவினருடன் உருவாக்கினார்.

அறிவியலின் பெயரால் தவறான தகவல்களும் பரவுவதை அவர் கண்டார். அவற்றை இனங்காணக் கற்பிக்கும் பாடமொன்றை, 2017ஆம் ஆண்டில் சக பேராசிரியர் ஜெவின் வெஸ்டுடன் இணைந்து தொடங்கினார். 2020இல் இருவரும் அதையே நூலாகவும் வெளியிட்டனர்.

அவர்கள் காட்டிய எடுத்துக்காட்டு ஒன்றைப் பார்ப்போம். ஒருவரின் முகத்தைக் கொண்டே அவர் குற்றவாளியா என்பதைக் கணினி கண்டறியும் என்று 2016இல் ஓர் ஆய்வுக் கட்டுரை கூறியது. கணிப்பு ஏறத்தாழ 90 விழுக்காடு சரியாக இருந்ததாம்! பெர்க்ஸ்டிரோமும் வெஸ்டும் சிக்கலான கணக்கீடுகளுக்குள் நுழையவில்லை. ‘இந்தப் படங்கள் எங்கிருந்து வந்தன?’ என்றே கேட்டனர். குற்றவாளிகளின் படங்கள் அடையாள அட்டைக்காக எடுக்கப்பட்டவை. மற்றவர்களின் படங்களோ இணையத்தில் திரட்டப்பட்டவை. பொதுவாக, இணையத்தில் இடுவதற்கு மக்கள் தங்களின் அழகிய படங்களையே தேர்ந்தெடுப்பர். கட்டுரையில் இடம்பெற்ற மாதிரிப் படங்களிலும் குற்றமற்றவர்களின் இதழ்களில் மெல்லிய புன்னகை தெரிந்தது. ஆகவே, கணினி குற்றத்தை அன்று, புன்னகையையே கண்டறிந்திருக்கக்கூடும் என அவர்கள் விளக்கினர்.

இது சிறிய பிழையா? அத்தகைய கணினியைக் காவல்துறை நம்பினால், புன்னகைக்காத ஒரே காரணத்தால் குற்றமற்றவர் சந்தேகத்திற்கு ஆளாக நேரிடும்.

பொய்யைக் கண்டறியப் பெரிய படிப்பு எப்போதும் தேவையில்லை. தரவு எங்கிருந்து வந்தது, அதைத் திரட்டியவர் யார், அதனால் பயனடைபவர் யார் என்று கேட்கும் பழக்கமே முதலில் தேவை. தாய்ப்பறவைக்குக் கூட்டிலுள்ள சில குரல்களே கேட்கின்றன. நம் கைப்பேசியிலோ நாள்தோறும் நூற்றுக்கணக்கான குரல்கள் ஒலிக்கின்றன. எதையும் பிறருக்குப் பகிர்வதற்கு முன், அதன் வேரை ஒருமுறை தேடிப் பார்ப்போமா?